சித்தி மீன் சாப்பிட்ட நாள்

எங்கள் வீட்டில் கருவாடு பொரிக்கும் நாட்களில் சித்தி உள்ளே இருக்கமாட்டார். வத்தேகம டவுனில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மீன் குழம்பில் போட்ட கரண்டி தவறிப் பருப்பில் பட்டுவிட்டால், அன்றைக்கு அவருக்கு வெறும் சோறும் மாசிக் கருவாடு போடாத சம்பலும்தான். தாய் தகப்பன் இல்லாத தங்கையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர் என் அம்மா. அதனால் சித்திக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி எல்லாம் எங்கள் குசினியில் இருந்தன.

அந்தச் சித்திதான் ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். அதற்காகக் கண்டியில் ஜப்பான் மொழி வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். அப்பா அதைத் தடுக்கவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"படிக்கட்டும், படிக்கட்டும். அங்க காலையிலயே மீன்தானாம். ரெண்டாம் நாளே பிளேன் ஏறித் திரும்பி வந்துரும் பாரு," என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா சிரிப்பார். சித்தி எங்கேயும் போகப்போவதில்லை என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வேலை நாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயாக வேண்டும், வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சித்தி என்னையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது அம்மா கட்டிவைத்த சோத்துப் பார்சலை மட்டும் வேண்டாமென்று வைத்துவிட்டார்.

பகல் இடைவேளையில்தான் காரணம் தெரிந்தது. வகுப்பு நடந்த தெருவின் முனையில், போன் திருத்தும் கடைக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தார்கள். கடை என்றால் ஒரு கவுண்டர், கண்ணாடியோரமாகச் சில உயரமான ஸ்டூல்கள், அவ்வளவுதான். கந்தோர் உத்தியோகம் பார்க்கிறவர்கள் அவசரமாக வந்து சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் நின்று, ஒரு முழு வசனத்தை ஜப்பான் மொழியில் சொன்னார். வழி நெடுக அவர் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்ததை நான் கேட்டிருந்தேன். கவுண்டரில் நின்ற பெண்மணி பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"நான் இங்க பக்கத்துல அம்பிட்டிய ஊர்தான் தங்கச்சி. தமிழ்லயே சொல்லுங்க."

சித்தியின் முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோழி போட்ட பெட்டி ஒன்று கேட்டார். தனக்கு மீன் என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, அது மீனு!"

"தெரியும் பாப்பா."

"கொஞ்சம் காரமா சோஸ் ஊத்தித் தரவா? நம்ம ஆளுங்க அப்படித்தான் கேக்குறாங்க," என்றார் அந்தப் பெண்மணி.

"வேணாங்க்கா. அங்க எப்படிச் சாப்பிடுவாங்களோ அப்படியே குடுங்க."

பெட்டியைத் திறந்தால், உருண்டை உருண்டையாகச் சோறு. ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புத் தாள். நடுவில் ரோஜா நிறத்தில் வேகாத மீன். நான் தாளை உரிக்கப் போனேன். அது கடல்பாசியாம், அதையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டுமாம். சித்தி இரண்டு குச்சிகளால் ஒன்றைத் தூக்கப் பார்த்தார். அது இரண்டு தரம் வழுக்கி விழுந்தது. பிறகு ஒருவழியாகத் தூக்கி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மென்றார், நிறுத்தினார், விழுங்கினார். அடுத்ததை எடுக்குமுன் தெருவில் போன பஸ்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கடுத்ததில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது.

"ஏன் சித்தி அழுறீங்க?"

"இந்தப் பச்சைச் சம்பல் காரம்."

பச்சைச் சம்பல் பெட்டியின் மூலையில் தொடாமல் அப்படியே இருந்தது. அவ்வளவு காரமா என்று நான் விரலால் எடுத்து நக்கினேன். மூக்கு வழியாக நெருப்பு ஏறியது. நான் வீறிட்டேன். அழுதுகொண்டிருந்த சித்தி அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்து, மிச்சம் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தார். பெட்டியை மூடி வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டேன்," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

அன்று மாலை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் அந்தச் செய்தியைப் போட்டு உடைத்தேன். இதைவிடப் பெரிய பகிடி வீட்டில் யாரிடமும் இருக்காது என்று நம்பினேன்.

"அப்பா, சித்தி இன்னைக்கு மீன் சாப்பிட்டாங்க! பச்சை மீனு! ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கல!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா சித்தியைப் பார்த்தார்.

"மெய்யாவா?"

"ஆமா மச்சான்." சித்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. பிறகு, "எப்ப இன்டர்வியூ?" என்று கேட்டார். அதுவரை வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

"வெள்ளிக்கிழமை."

"தனியாப் போக வேணாம். நானும் வர்றேன்."

அந்த வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. அடுத்த வருடம் தை பிறந்ததும் சித்தி விமானம் ஏறினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். போனில் பேசும்போது, தான் பார்த்துக்கொள்ளும் கிழவிகள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டதைப் பெருமையாகச் சொல்வார்.

ஆனால் அந்த மாலையில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து குசினிக்குள் போனதை மட்டும்தான் பார்த்தேன். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரில் கையை நீட்டியபடி அழுதுகொண்டிருந்தார். தன்னை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கடையில் சாப்பிட்டதால்தான் அழுகிறார் என்று நினைத்து, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதீங்கம்மா. அடுத்த தடவை சித்தி உங்களையும் கூட்டிட்டுப் போவாங்க. கிட்டத்தான் இருக்கு. பஸ்ஸ விட்டு இறங்கினா உடனே வந்துரும்."

அம்மா ஈரக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழுதார். கடை அவ்வளவு கிட்ட இருக்கும்போது ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.