ஜன்னல் மாமா

முப்பத்தேழு லோடு. ஆலை வாசலில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால், அத்தனையும் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள கழிவுக் குழிக்குப் போயிருக்கிறது. ஒன்றுகூடப் போகவில்லை என்பது டிப்பர் லாரி டிரைவர் ஒருவருக்குத் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை கொஞ்சம் உண்டு. இருபது வருட ஓட்டத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். நான்கு வருடமாக அதை யாரிடமும் சொல்வதில்லை.

அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. கைபேசியிலும் காற்றாலையிலும் இருக்கும் காந்தத்துக்கு அதுதான் சரக்கு. வேண்டியதை அமிலத்தில் கரைத்து எடுத்துக்கொண்டால், மாவு போல ஒரு சாம்பல் நிற மண் மிஞ்சும். தண்ணீர் தெளித்து மிதித்தால் கல்லாக இறுகும். தரையை மேடாக்க நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் மூன்று லோடு தங்கை வீட்டுக்குப் போனது. தங்கையின் கணவர் தையல்காரர். வீட்டின் பின்பக்கம் மெஷின் போட ஓர் அறை கட்டினார். முதல் மழையிலேயே கணுக்கால் அளவு தண்ணீர்.

"ரூம் கட்டுங்கன்னா தொட்டி கட்டி வச்சிருக்காருண்ணே உங்க மாப்பிள்ளை. மீன் வாங்கி விட்டுரலாமா?" என்றாள் தங்கை.

மறுநாளே டிரைவர் சந்துக்குள் லாரியை ரிவர்ஸ் எடுத்தார். கொட்டி, நீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்துச் சமன் செய்தார். மேலே சிமென்ட் பூச்சு. அதன்பின் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

தெரு சும்மா இருக்குமா? "அண்ணே, நம்ம வீட்டுக்கும் ஒரு நடை" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். "ஓசின்னா பினாயிலையே குடிப்போம், மண்ணை விடுவோமா?" என்று சிரித்தார் டீக்கடைக்காரர், தன் கடையின் பின்கட்டுக்கு இரண்டு லோடு வாங்கிக்கொண்டே. லாரியின் டீசல் மிச்சமானதால் லாரி ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி கண்டும் காணாமல் இருந்தார். மூன்று வருடத்தில் இருபத்திரண்டு வீடு, ஒரு டீக்கடை, பாலர் பள்ளியின் விளையாட்டு முற்றம். டிரைவர் தெருவில் நடந்தால் நான்கு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் குடியிருந்தது மாடி வீட்டில். தெருவுக்கே மண் கொட்டியவர் வீட்டில் அந்த மண் ஒரு பிடி கிடையாது.

பிறகு ஆலைக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண். கையடக்கமான ஒரு மீட்டரை லாரித் தொட்டியருகே நீட்டினார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல அது படபடவென்று அடித்தது. ஆறு டிரைவர்களையும் நிழலில் நிறுத்திப் பேசினார்.

"இந்தக் கழிவுல தோரியம் இருக்கு. அதுலேர்ந்து கதிர்வீச்சு வரும். ஒரு வாயுவும் வரும், அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. திறந்த வெளின்னா காத்தோட போயிடும். மூடின ரூமுக்குள்ள வந்தா அங்கேயே தங்கும். வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆகாது. இனிமே தார்ப்பாய் மூடாம வண்டி வெளிய போகக் கூடாது. இதுவரைக்கும் குழியைத் தவிர வேற எங்கயாவது யாராவது கொட்டியிருக்கீங்களா?"

"சேச்சே, இல்லவே இல்ல மேடம்!"

முதலில் சொன்னது நம் டிரைவர்தான். மற்ற ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு நொடிதான் இருந்தது. வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

அன்றோடு ஓசி மண் நின்றது. "கெடுபிடி அதிகமாயிடுச்சுப்பா" என்றார். ஆள் மாறிவிட்டார், தலைக்கனம் என்று தெரு பேசியது. பேசட்டும் என்று விட்டார்.

தங்கை வீட்டை மட்டும் விட முடியவில்லை. ஞாயிறுதோறும் போவார். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின் அறைக்குப் போய் இரண்டு ஜன்னலையும் விரியத் திறப்பார். மாப்பிள்ளை வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கும்.

"மச்சான், நீங்க வந்துட்டுப் போனா நான் அரை நாள் துண்டுத் துணி பொறுக்கணும்."

"காத்து வரட்டும் மாப்ள. மனுஷன் அடைஞ்சு கெடக்கலாமா?"

ஒருமுறை காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றை வாங்கி வந்து அவரே மாட்டிவிட்டார். தங்கை மகள் அவருக்கு 'ஜன்னல் மாமா' என்று பேர் வைத்தாள். வீடே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். மாப்பிள்ளை அவ்வப்போது இருமுவார். துணித் தூசி என்பார். துணித் தூசியாகவே இருக்கலாம். டிரைவர் ஒவ்வோர் இருமலையும் எண்ணினார்.

போன மாதம் அந்த மருமகள், தங்கை மகள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். எட்டு மாதம். ஞாயிறு மதியம் டிரைவர் போனபோது தையல் மெஷின் கூடத்துக்கு வந்திருந்தது. பின் அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டூல் மேல் நின்று ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் அடித்துக்கொண்டிருந்தார். விசிறியின் ஓட்டையில் பழைய துணி அடைத்திருந்தது.

"என்ன மாப்ள பண்றீங்க?"

"பச்சக் குழந்தை வருது மச்சான். மூணு மாசம் தாயும் புள்ளையும் இந்த ரூம்லதான். குளிர் காத்து படக் கூடாதுன்னு உங்க தங்கச்சி உத்தரவு."

"இந்த ரூம் வேணாம். எலி இருக்கு."

"எலியா? ஏழு வருஷமா நான் ஒண்ணைக்கூடப் பாத்ததில்லையே!"

"அப்ப நம்ம வீட்டுக்கு அனுப்பி வைங்க. மாடி, நல்ல வெளிச்சம்."

தங்கை கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏண்ணே, என் பொண்ணைப் பாத்துக்க எனக்குத் துப்பில்லையா? உங்களுக்கு என்னதான் ஆச்சு இன்னைக்கு?"

மருமகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். "விடும்மா. ஜன்னலை மூடினா மாமாவுக்குக் கோவம் வரும்னு தெரியாதா?"

மாப்பிள்ளை அடுத்த ஆணியை எடுத்தார். டிரைவர் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே சொன்னார். மண், மீட்டர், தோரியம், வாயு. "யாராவது கொட்டியிருக்கீங்களான்னு கேட்டாங்க. நான்தான் முதல்ல இல்லன்னு சொன்னேன்."

சமையலறையில் ஏதோ தீயும் வாசனை வந்தது. தங்கை நகரவில்லை.

"எப்ப தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா இங்க வந்து என் கையால சாப்பிட்டுப் போயிருக்கீங்க."

மாப்பிள்ளை ஸ்டூலிலிருந்து இறங்கினார். வாயில் வைத்திருந்த ஆணிகளைக் கைக்குத் துப்பினார். "தினம் பத்து மணி நேரம் மச்சான், இங்கதான் உக்காந்திருப்பேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கணக்குப் போடும் குரலாக இருந்தது.

மருமகள் மெதுவாக எழுந்து நின்றாள். "அதுக்குத்தான் ஜன்னலைத் தொறந்தீங்களா மாமா? வாயத் தொறந்திருக்கலாமே."

அன்று மாலையே அவள் மாமா வீட்டுக்கு மாறினாள். கூடவே வந்த தங்கை அண்ணியிடம் பேசினாள், அண்ணனிடம் பேசவில்லை. டிரைவரின் மனைவி முன் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, கணவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஏங்க, மீதி வீட்டுலயும் குழந்தைங்க இருக்கு."

திங்களன்று அவர் அதிகாரியின் அறைக்குப் போனார். சீட்டு எதுவும் எடுத்துப் போகவில்லை, தேவைப்படவில்லை. எந்த வீடு, எத்தனை லோடு, எந்த அறை என்று வரிசையாக ஒப்பித்தார். எழுதிக்கொண்டே வந்த அதிகாரி பாலர் பள்ளி என்றதும் பேனாவை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன் மேடம்."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும்தான் இருக்கு."

மறுநாள் அதிகாரி மீட்டருடன் தங்கை வீட்டுக்கு வந்தார். கூடத்தில் எண் சாதாரணமாக இருந்தது. பின் அறைத் தரையில் வைத்ததும் அதைப்போலப் பதினொரு மடங்கு காட்டியது. வாயுவை அளக்க ஒரு சின்ன டப்பாவைச் சுவரில் மாட்டினார். மாப்பிள்ளைக்கு நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று. படம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். இருமல் துணித் தூசியாலா மண்ணாலா என்று கேட்டதற்கு, இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது, வருடாவருடம் வந்து காட்டுங்கள் என்றார். ஆலை நிர்வாகம் டிரைவரின் வாசல் அனுமதிச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மேஸ்திரி, தனக்கு எதுவும் தெரியாது என்கிறார்.

சனிக்கிழமை பின் அறைத் தரையை உடைத்தார்கள். முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள் மண்ணைப் பைகளில் கட்டி எடுத்துப் போனார்கள். தங்கை வாசலில் நின்று பார்த்தாள். டிரைவர் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றார். வேலை முடிந்த பிறகு அவள் ஒரு சொம்புத் தண்ணீரைச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அது அவருக்கா ஆட்களுக்கா என்று தெரியாமல் அவர் தொடவில்லை.

இன்னும் முப்பத்துநான்கு லோடு இருக்கிறது. வீடுகளை அடையாளம் காட்ட அவரைத் தவிர ஆளில்லை. டீக்கடைக்காரருக்கு விஷயம் எட்டிவிட்டது. கடைப் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு அதிகாரியும் டிரைவரும் தெருவுக்குள் போகிறார்கள். முதலில் பாலர் பள்ளி.