முனியப்பனுக்கு ஒரு கலயம்

போன வெள்ளிக்கிழமை காலை மாரப்பனும் அவர் மனைவி பாவாயியும் சேலத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். பாவாயி கையில் ஓலைக் கொட்டான். அது நிறையச் சந்தையில் வாங்கிய கருப்பட்டி.

"வந்துருச்சுங்க" என்றார் மாரப்பன்.

"என்ன வந்தது?"

"மன்னிப்புங்க."

ரயில் வந்துவிட்டது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். ஆனால் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. கால் தரையில் பாவவில்லை போலிருக்கிறது.

என்ன மன்னிப்பு, யார் கொடுத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகைக்காக வருடக்கணக்கில் கோர்ட்டில் உட்கார்ந்து எழுதியவன் நான். அதன் பலன்... எப்போதோ தண்டனை அனுபவித்து முடித்தவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். வக்கீலிடம் போகப் பயம். என்னிடம் ஏனோ பயமில்லை. பழைய தண்டனையை மன்னிக்கும்படி கவர்னருக்கு மனு எழுதித் தரச் சொல்வார்கள்.

ஜெயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்தாகிவிட்டது. இனிமேல் மன்னிப்பு எதற்கு? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். ஜெயில் ஒருநாள் ஆளை விட்டுவிடுகிறது. தண்டனை பெற்றவன் என்ற பெயர்தான் விடுவதில்லை. வேலை கேட்கப் போனால் முன்னால் போய் நிற்கிறது. லைசென்ஸ் கேட்கப் போனாலும் அப்படியே.

மாரப்பனுக்குத் தடையானது லைசென்ஸ்.

மல்லசமுத்திரத்துக்கு அடுத்த சிற்றூரில் பனை ஏறுகிறவர் அவர். நம் ஜில்லாவில் மதுவிலக்கு முதலில் வந்தபோது கள் இறக்கத் தடை போட்டார்கள். பதநீர் இறக்கலாம், லைசென்ஸ் வேண்டும். இரண்டுக்கும் மரம் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள்.

மாரப்பன் எல்லாக் கலயத்திலும் சுண்ணாம்பு தடவினார். ஒன்றைத் தவிர.

அது முனியப்பனுக்கு. பொங்கல் வைக்கிற நாளில் ஏரிக்கரை முனியப்பனுக்கு ஒரு கலயம் கள் வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். சட்டம் மனிதர்களுக்குத்தானே, சாமிக்கா? மாரப்பன் அப்படி நினைத்தார். மரத்தடியில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் அப்படி நினைக்கவில்லை.

சில மாதம் சேலம் ஜெயில்.

இதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. யுத்த காலத்தில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். சர்க்காரே கள்ளுக் கடைகளை ஏலம் விட்டது. மாரப்பன் எதற்காக ஜெயிலுக்குப் போனாரோ, அதையே போர்டு மாட்டி விற்றார்கள். யுத்தம் முடிந்தது, மதுவிலக்கு திரும்பி வந்தது. மாரப்பன் பதநீர் லைசென்ஸ் கேட்கப் போனார். "நீ கள் கேஸில் தண்டனை அடைந்தவன், உனக்குக் கிடையாது" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

மரம் ஏறுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. காணி நிலம் கிடையாது. கல் உடைக்கப் போனார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"அதே ஜெயில்ல சத்தியாக்கிரகம் பண்ணிட்டு எம்பக்கத்துல இருந்தவரு இப்ப மாலை போட்டுக்கிட்டு மேடையில பேசறாருங்க. அவரு தின்ன களியத்தானுங்க நானும் தின்னேன்" என்றார். பொறாமையெல்லாம் இல்லை. ஒரு தகவல்போலத்தான் சொன்னார்.

மனு எழுத உட்கார்ந்தோம். மன்னிப்பு மனுவுக்கென்று ஒரு நடை இருக்கிறது. அறியாமல் செய்துவிட்டேன், வருந்துகிறேன், கருணை காட்ட வேண்டும். அந்த நடையில் எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அறியாமங்கறத அடிச்சுப் போடுங்க" என்றார் மாரப்பன்.

"ஏன்?"

"அறிஞ்சுதானுங்க வெச்சேன். சாமிக்கு வெக்கறத யாராச்சும் அறியாம வெப்பாங்களா?"

"இதைத்தானே கவர்னர் பார்க்கப் போகிறார்? அறியாமல் என்றிருந்தால் அவருக்கு இரக்கம் வரும்."

"பொய்யச் சொல்லி இரக்கம் வாங்கறதுக்குக் கல்லே உடைக்கலாமுங்க."

பாவாயி குறுக்கிட்டார். "அந்த எழவத்தான் இத்தன நாளா ஒடச்சுக்கிட்டிருக்கீங்க. ஏனுங்கய்யா, பழைய வழக்கப்படி செஞ்சதுன்னு எழுதினாப் பொய்யாகுமுங்களா?"

ஆகாதுதான். அப்படியே எழுதினேன். மூன்று பேருக்கும் திருப்தி.

மனு மேலே போய்ச் சுற்றிவிட்டு விசாரணைக்காகக் கீழே வந்தது. ஒரு டெபுடி தாசில்தார் ஊருக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். நானும் போயிருந்தேன். ஊர் மணியகாரர், "தங்கமான ஆளுங்க, அதுக்கப்புறம் ஒரு கேசு கெடையாது" என்று சொன்னார். வந்திருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். டெபுடி தாசில்தார் பேனாவை மூடினார். வேலை முடிந்தது.

முடிந்ததோடு எழுந்து போயிருக்கலாம். நல்ல மனிதர்களுக்குக் கடைசியில் இரண்டு வார்த்தை இதமாகப் பேசிவிட்டுப் போகிற வழக்கம் உண்டு.

"என்னப்பா மாரப்பா, மன்னிப்பு வந்தால் சாமிக்கு ஏதாவது வேண்டிக்கொண்டிருக்கிறாயா?"

"ஆமாங்க எசமான். முனியப்பனுக்குங்க."

"என்ன, பொங்கலா? கிடாவா?"

"ஒரு கலயம் கள்ளுங்க."

மணியகாரர் வானத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கள் வைத்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிற மனிதர், அந்த மன்னிப்பு கிடைப்பதற்குக் கள் வேண்டிக்கொண்டிருக்கிறார். இதை என்னவென்று சொல்வது?

டெபுடி தாசில்தார் பேனாவை மறுபடி திறந்தார். "இதைக் கேட்டுவிட்டு நான் எப்படிச் சிபாரிசு எழுதுவது?" அவர் குரலில் கோபமில்லை. வருத்தம்தான் இருந்தது.

"அப்பனே, இனிமேல் வைக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு" என்று மணியகாரர் கெஞ்சினார்.

"சாமிகிட்டச் சொன்னதுங்க. எசமான்கிட்ட எப்படிங்க மாத்திச் சொல்றது?" என்றார் மாரப்பன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்ன போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை.

அப்போதும் பாவாயிதான் பேசினார். "அப்ப சாமிகிட்டயே மாத்திச் சொல்லுங்க. கள்ளுக்குப் பதிலாப் பதநீ வெச்சா ஒத்துக்குதான்னு பூக் கேட்டுப் போடலாம். ஒத்துக்கலைன்னா எசமானுங்க இஷ்டப்படி எழுதிக்கட்டும்."

பூக் கேட்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரிக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

டெபுடி தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "போய்த்தான் பார்ப்போமே" என்றார். எல்லோரும் ஏரிக்கரைக்கு நடந்தோம்.

பூசாரி சூடம் கொளுத்தினார். கோவிலுக்குப் பின்னால் பூப்பறித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவர் பாவாயி. முனியப்பன் காலடியில் பூசாரி இரண்டையும் போட்டார். யார் எடுப்பது?

"உள்ளூர்க்காரங்க எடுத்தா அப்பறம் ஒரு பேச்சு வரும். எசமானே எடுக்கட்டுமுங்க" என்றார் பாவாயி.

தஞ்சாவூர்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். அவர் கை ஒரு பொட்டலத்தின்மேல் போயிற்று. நின்றது. அடுத்ததற்குப் போயிற்று. எத்தனையோ தீர்ப்பு நாட்களில் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

பிரித்தார். வெள்ளை.

மாரப்பன் மண்ணில் விழுந்து கும்பிட்டார். "பழைய வழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டதாக எழுதுகிறேன்" என்றார் டெபுடி தாசில்தார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. ஆளாளுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், பழக்க தோஷம், கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தேன். பாவாயி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

போன வெள்ளிக்கிழமை அது ஞாபகத்துக்கு வந்தது. மன்னிப்பு வந்தாகிவிட்டது. லைசென்ஸும் கிடைத்துவிடும். இனி கேட்டால் என்ன?

"அம்மா, அன்றைக்கு இன்னொரு பொட்டலத்தில் என்ன பூ?"

பாவாயி கருப்பட்டியை எடுத்து வைப்பதில் மும்முரமாக இருந்தார். "அந்தச் செடியில என்ன பூக்குமோ அதானுங்க."

"என்ன பூக்கும்?"

"வெள்ளைங்க."

மாரப்பன் மெதுவாகத் திரும்பினார். "ரண்டும் வெள்ளையா? அடிப்பாவி... சாமிய ஏமாத்திப் போட்டியா?"

"சாமிய எதுக்கு ஏமாத்தறேன்? அவரு ஒத்துக்குவாருன்னு எனக்குத் தெரியும். நீங்க கல்லு ஒடைக்கறத அவரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? சாமி மனசு தெரியாத ஆளு அங்க அந்த ஆபீசர் ஒருத்தர்தான். அவரு தப்பா எடுத்துப் போடக் கூடாதில்ல?"

மாரப்பன் என் பக்கம் திரும்பி, நிஜமான கவலையோடு கேட்டார்:

"ஐயா, அப்ப இதுக்கும் கவர்னருக்கு ஒரு மன்னிப்பு மனு எழுதோணுமுங்களா?"

"எழுதச் சொல்லுங்க" என்றார் பாவாயி. "நான் போயி அடுப்பப் பத்த வெக்கறேன். இனிமே பதநீ காச்சோணுமா, கல்லு ஒடைக்கோணுமான்னு ரண்டு பேருமாப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

மாரப்பன் காலிக் கொட்டானை எடுத்துக்கொண்டு மனைவி பின்னால் நடந்தார். வாசல் தாண்டும்போது, "சாமிகிட்ட மட்டும் சொல்லிப்போடறேனுங்க" என்று என்னிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

டெபுடி தாசில்தார் இந்தப் பத்தியைப் படிக்கிறவராக இருந்தால் – பெயர்களை மாற்றிவிட்டேன் ஸார், ஊரையும்தான். தேட வேண்டாம்.