பின்னால் நின்ற கை

எங்கள் பல்கலைக்கழகத்தில் அணு உலை கிடையாது. நாங்கள் இருந்த ஆரா நகரில் ரயிலேறிப் போய், இன்னொரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் இருந்த சிறிய உலையில்தான் செய்முறை படித்தோம். அதை இயக்கியவர் நரைத்த மீசைக்கார யாழ்ப்பாணத்தவர். கட்டுப்பாட்டுக் கோலை எங்களையே உயர்த்த விடுவார். பிழை விட்டால் தடுப்பதற்காக, எங்கள் கைக்குப் பின்னால் தன் கையைத் தொடாமல் வைத்திருப்பார்.

செலவு கட்டாது என்று, அந்தப் பக்கமே வராதவர்கள் உலையை மூட முடிவெடுத்தார்கள். கடைசி வகுப்பில், "அண்ணை, இனி வாற பிள்ளையள் எங்க போறது?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை பிள்ளை. எல்லாரோடயும் கதைச்சுப் பாத்திட்டன். நிப்பாட்டுற பொத்தானை நீரே அமத்தும்."

அந்தக் கை வழக்கம்போல் பின்னால் வந்து நின்றது. தடுக்குமென்று, பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தேன்.

தடுக்கவில்லை.