இன்ஸ்பெக்டர் ராத்தாவின் புடிங்

விருந்து வீட்டில் கதிரையில் உட்காருமுன்பே முனவ்வராவின் கை பிஸ்கட் பக்கெற்றைப் புரட்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஹலால் அடையாளம் எங்க புள்ள? கண்ணால காணாம வாயில வைக்கமாட்டன்" என்பாள். கற்பிட்டிப் பெண்கள் இந்த அக்காவுக்கு வைத்த பெயர் 'இன்ஸ்பெக்டர் ராத்தா'. அதைக் கேட்டால் அவளுக்கு உள்ளூர மனம் குளிரும்.

அவளுடைய புடிங் இல்லாமல் ஊரில் ஒரு கலியாண விருந்தும் முடியாது. மூன்று நிறம், தொட்டால் நடுங்கும். அதை உறைய வைக்கும் ஜெலற்றின் தூளை ஜௌபர் நானாவின் கடையில் சில்லறையாக நிறுத்து வாங்குவாள்.

வீட்டில் பண்டம் செய்து விற்கும் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தார் பாடசாலை மண்டபத்தில் ஹலால் வகுப்பு வைத்தார்கள். தேறியவர்களைக் கண்டக்குழிச் சுற்றுலா விடுதிகளுக்கு அறிமுகம் செய்வார்களாம். முனவ்வரா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனக்குத் தெரியாதது இங்கே என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

விரிவுரையாளர் ஸபீனா அவளருகே வந்து, அவள் கொண்டுவந்திருந்த ஜெலற்றின் தூளைப் பார்த்தாள்.

"இது எதுல செஞ்சது ராத்தா?"

"ஜௌபர் நானாட கடைச் சாமான் மிஸ். அஞ்சு நேரமும் தொழுற மனிசன்."

"அவர் தொழட்டும். இது மாட்டெலும்பா, பன்றித் தோலா?"

முனவ்வரா எழுந்தாள். வெளியே போய் ஜௌபருக்கு போன் போட்டாள்.

"மூட்டையில ஒண்டும் எழுதியில்ல ராத்தா. ஊரெல்லாம் கேள்வி கேக்கிற நீங்களே கேக்காமத்தானே வாங்கினீங்க. அப்ப சரியாக்கும் எண்டு நானும் இருந்திட்டன்."

எத்தனை கலியாணம், எத்தனை நோன்பு திறப்பு, எத்தனை பிஞ்சு வாய்கள். எல்லாம் இந்தக் கையால் ஊட்டியது.

"தெரியாமச் செஞ்சது குத்தமில்ல" என்றாள் பின்னால் வந்து நின்ற ஸபீனா, மெல்ல. "எங்கட ஆய்வுகூடத்துல பாத்துச் சொல்றம். அதுவரைக்கும் ஜெலற்றினுக்குப் பதிலா கடல்பாசி போடுங்க." ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

வீட்டில், காலையில் அதே தூளில் செய்துவைத்த புடிங் தட்டங்கள் மேசையில் இருந்தன. நாளைக்குச் சுல்பாவின் மகளுக்குக் கலியாணம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் இனி எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அவள் முடிவெடுக்கும் முன்பே தட்டங்களை எடுத்துப்போகச் சுல்பா வந்து நின்றாள்.

"என்ன வடிவு ராத்தா. உங்கட கைப் பண்டமெண்டா ஆரும் யோசிக்காமத் திம்பாங்க" என்று சிரித்தவள், ருசி பார்க்கக் கரண்டியை எடுத்தாள்.

கரண்டி இறங்கும் முன்னே முனவ்வரா தன் வலக்கையை விரித்துப் புடிங்கின் நடுவில் அழுத்தினாள். கை மணிக்கட்டுவரை புதைந்தது. சுல்பா திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதை வெளியே எடுக்கவில்லை.