பீர் முகமதுவின் வலது கால்

காத்திருப்பது எனக்கு ஆகாது. பஸ் வருகிறதா என்று நடு ரோட்டில் இறங்கி எட்டிப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவனைப் போய், போன வாரம் நண்பர் பீர் முகமது துணைக்கு அழைத்தார் — அவருடைய டெம்போவின் புகை டெஸ்ட்டுக்கு!

பழைய சான்று அன்றோடு முடிகிறது. சாயந்திரம் பாவூர்சத்திரத்தில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு கேரளா போக வேண்டும். புது வியாபாரி, முதல் லோடு. சான்று இல்லாமல் எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் வண்டி நின்றால் அந்த வியாபாரி மறுபடி கூப்பிடுவாரா?

டெஸ்ட்டுக்கு மத்தியானம்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். சாரல் காலம்... மனிதர் சும்மா இருப்பாரா? காலையிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனார். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றார். நான் கரையில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தென்காசி டெஸ்ட் சென்டரில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகுகிறார்கள். திரையில் உத்தரவு வந்ததும் ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். விடச் சொன்னால் விட வேண்டும்.

பீர் முகமது மிதித்தார். இஞ்சின் உறுமி, பாதியிலேயே அடங்கியது. திரை சிவந்தது. மறுபடி... மறுபடியும் சிவப்பு!

"நல்லா மிதியும்வே!"

"மிதிச்சுக்கிட்டுத்தாம்வே இருக்கேன்!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் ஓடினேன். "கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா..."

"என் கையில ஒண்ணும் இல்ல சார். அதுவா அளக்குது, அதுவா எழுதுது. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஃபெயில்னு போட்டுரும். அப்புறம் வேற நாள்தான்."

முன்பெல்லாம் கெஞ்சுவதற்கு ஒரு முகம் இருந்தது. இந்தப் பெட்டியிடம் எதைச் சொல்லி அழுவது? எனக்கு ஆத்திரம் பொங்கியது. கம்ப்யூட்டர் கோளாறு என்று சண்டைக்கே தயாராகிவிட்டேன். பீர் முகமதுவோ டீசலைச் சந்தேகப்பட்டார், பம்பைச் சந்தேகப்பட்டார், ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டினார்.

நிலைகொள்ளாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவன், கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் பெடல் பளபளவென்று மின்னியது. அதன் மேல் அவருடைய வெறுங்கால்... அதுவும் பளபளவென்று!

"ஏன்வே, சீயக்கா போட்டுக் குளிக்கலியா?"

"எப்படிவே போடுவேன்? எண்ணெ ஒடம்புல ஊறணும்லா!"

எண்ணெயில் கால் வழுக்கித்தான் மிதி பாதியில் நின்றிருக்கிறது! என் துண்டால் காலையும் பெடலையும் அழுந்தத் துடைத்தேன். மிதித்தார். இஞ்சின் முழுசாக உறுமியது. பச்சை! பீர் முகமது அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பாவம் கம்ப்யூட்டர்... 'சரியில்லை' என்று மட்டும்தான் அது சொன்னது. எது சரியில்லை என்று முடிவு கட்டியதெல்லாம் நாங்கள்தான்.

சான்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது — குற்றாலத்திலிருந்து வழி நெடுக பிரேக்கையும் அதே காலால்தானே மிதித்து வந்தார்!