பொருத்தம் பார்த்த கோல்ஃப் ஜோடிகள்

அந்தப் புரட்டாதி மாதத்தில் எங்கள் குடும்பம் முழுவதும் நம்பியது ஒன்றுதான்: என் கணவர் எவரிடமும் சொல்லாமல் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். பக்கத்து ஊரான திரிம்பாக்கில் இருக்கும் என் அண்ணன் நம்பினார். அண்ணி நம்பியதோடு நில்லாமல் கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டார். நானும் நம்பினேன். மகள் எங்களெல்லோரையும்விட உறுதியாக நம்பினாள். ஆதாரத்தைக் கண்டெடுத்தவள் அவள்தான்.

அது அச்சுப்பொறியில் மறந்துவிடப்பட்ட ஒரு தாள். அண்ணன் தன் மகனின் கல்யாணத்தின்போது எங்கள் கணினியில் ஏற்றிவைத்த பொருத்தம் பார்க்கும் நிரலிலிருந்து வந்தது. பெயர்கள் இல்லை. மேலே 'பெண்: ரோகிணி' என்றும், எதிரே 'ஆண்: பூசம்' என்றும் இருந்தன. கீழே பத்துப் பொருத்தங்களின் பட்டியல். மகளின் நட்சத்திரம் ரோகிணி.

நாலு வருடங்களுக்கு முன்னர், அவளுக்கு இருபத்துநான்கு வயதாக இருந்தபோது, அவளைக் கேளாமல் சாதகத்தைத் திறப்பதில்லை என்று தகப்பன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வாக்கு நிற்கும் என்று நம்பும் பிள்ளைகள் அதை நினைவூட்டுவதில்லை.

அவள் எங்கள் ஊரான லாங்கன்தாலில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தாள். தொலைவில், மலைகளுக்குள் இருக்கும் டாவோஸ் என்ற ஊரில் உள்ள ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. கையெழுத்திட்ட பிரதி திங்கட்கிழமை தபாலில் போயாக வேண்டும். எங்களை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை, மறுத்துவிடத்தான் நினைத்திருந்தாள். அந்தத் தாளைக் கண்டதும் கடிதத்தை என் கையில் கொண்டுவந்து தந்தாள்.

"அம்மா, அப்பா சாதகத்தைத் திறந்திட்டார் எண்டால் நான் கையெழுத்து வைச்சுப்போட்டுப் போறன். இல்லையெண்டால் இதைக் கிழிச்சுப்போடுறன். நீங்கள் விசாரிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் எனக்குப் பொய் சொல்லமாட்டீங்கள்."

நீண்ட வாசிப்பு எனக்குத் தந்த ஒரு கெட்ட பழக்கம், எதையும் இரண்டாம் முறை படிப்பது. கணவர் வேலைக்குப் போன பின்னர் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். நாற்பது தாள்களுக்கு மேல் இருந்தன. ஒன்றில் பெண் ரோகிணி, அடுத்ததில் மகம், அதற்கடுத்ததில் சதயம். எங்களுக்கு இருப்பது ஒரு மகள். ஆகவே என் சந்தேகம் இன்னும் மோசமான பக்கம் திரும்பியது: மனிதர் எனக்குத் தெரியாமல் கல்யாணத் தரகு செய்கிறாரோ? மறுபடி படித்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. எல்லாத் தாள்களிலும் பிறந்த நேரம் நண்பகல் பன்னிரண்டு. எந்த ஊரில் எல்லோரும் நடுப்பகலில் பிறக்கிறார்கள்?

வியாழக்கிழமை மாலை, மகளும் இருக்கும்போது, தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மகளின் கடிதம் எதற்காகக் காத்திருக்கிறது என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் தாள்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கோல்ஃப்," என்றார்.

"என்ன கோல்ஃப்?"

"நாளைக்குத் துவங்குது. ஐரோப்பாவும் அமெரிக்காவும். பந்தயம் கட்டுறனான்."

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் அது நல்ல சிரிப்பல்ல. "அப்பா, பொய் சொல்லுறதெண்டாலும் கிரிக்கெட் எண்டு சொல்லுங்கோ. எங்கட சனத்தில கோல்ஃப் ஆர் பாக்கினம்?"

அவர் பார்ப்பார் என்பதை நான் அறிவேன். ஊருக்கு வெளியே உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல ஆண்டுகளாகப் புல் வெட்டுகிறார். மணல் குழிகளை வாரிச் சமன்செய்கிறார். காலையில் குழியின் இடத்தை மாற்றி வெட்டிக் கொடியை நடுகிறார். தான் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஆனால் பந்தயம் என்பது எனக்குப் புதிது. அண்ணன் அதைக் குடியோடு சேர்த்து ஏசுகிறவர் என்பதால் மறைத்தாராம்.

மெதுவாக விளக்கினார். இரண்டு அணிகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர். வெள்ளியும் சனியும் ஜோடிகளாக ஆடுவார்கள். அதில் ஒரு வகை ஆட்டத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் மாறி ஒருவர் அடிக்க வேண்டும். ஒருவன் புதருக்குள் அடித்தால் மற்றவன்தான் அங்கே போய் எடுக்க வேண்டும்.

"அதில ஒருத்தன்ர பிழைக்கு மற்றவன் முகம் சுளிச்சால் முடிஞ்சுது," என்றார். "ஆர் தூரம் அடிப்பான், ஆர் மணலுக்கால எடுப்பான், எல்லாம் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். ஆனால் திறமான ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டாலும் சிலநேரம் சரிவராது. அது ஏனெண்டு கொப்பியில இல்லை. அதுதான் பொருத்தம் பாத்தனான்."

நிரல் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் கேட்டு அடம்பிடித்திருக்கிறது. எனவே முதல் குழியில் முதலடி அடிக்கக்கூடியவனை ஆணாகவும் துணைவனைப் பெண்ணாகவும் பதிந்திருக்கிறார். பிறந்த தேதிகள் இணையத்தில் கிடைத்தன. நேரம் கிடைக்காததால் எல்லோருக்கும் நண்பகல்.

"அப்ப, ரெண்டு அமெரிக்கன்மாருக்குப் பிள்ளைப்பாக்கியம் இருக்கோ எண்டும் பாத்தனீங்களோ?" என்றாள் மகள்.

"அது பாக்கிறேல்ல. கணமும் ரச்சுவும் மட்டுந்தான்."

அவ்வளவு நிதானமாகச் சொன்னார். பொய் சொல்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்று ஒரு கணம் தோன்றியது. ஆயினும் ஒருவர் சிறிய குற்றத்தை விரைவாக ஒப்புக்கொண்டால், அதன் பின்னால் பெரியது ஏதும் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பது என் இயல்பு. இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து பார்ப்பதென்று முடிவுசெய்தேன்.

அவர் லீவு எடுத்திருந்தார். வெள்ளி காலை தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தேன். திரையில் ஒரு ஜோடி வந்ததும் இருவருடைய பிறந்த தேதிகளையும் அவரிடம் கேட்டு, தாளில் தேடினேன். ஐரோப்பாவின் நாலு ஜோடிகளில் மூன்று என் மடியில் இருந்தன. ஒன்பது பொருத்தம் இருந்த ஜோடி படுமோசமாகத் தோற்றது.

"என்னப்பா, கணம் எல்லாம் சரியெண்டீங்கள்?"

"இஞ்சரும், அது பிறந்த நேரம் தெரியாததால வாற பிழை."

சனிக்கிழமை, ரச்சுவே பொருந்தாத இருவர் தோளில் தட்டிக்கொண்டு வென்றார்கள். அவர் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டார். நான் அவரைக் கவனித்தபடி இருந்தேன். பந்து பறக்கும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். இவர் அது விழப்போகும் புல்லைப் பார்ப்பார். "இதை நேற்றே ஒருக்கால் வெட்டியிருக்கவேணும்," என்று முணுமுணுப்பார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் தன் வேலையை இவ்வளவு விரும்புகிறார் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் என் சந்தேகம் அடங்கிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கலாம் என்று மகளிடம் சொல்லத் தயாரானேன்.

"நாளைக்கு ஒராளுக்கு ஒராள்தான் ஆட்டம்," என்று அவர் கொப்பியை மூடினார். "ஜோடி இல்லை. பொருத்தத்துக்கு வேலையில்லை."

ஞாயிறு காலை சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது அச்சுப்பொறி ஓடும் சத்தம் கேட்டது. கத்தியை வைத்துவிட்டுப் போனேன். தாள் இன்னும் வெளியே வந்துகொண்டிருந்தது. பெண்: ரோகிணி. பிறந்த நேரம் அதிகாலை நாலு பன்னிரண்டு. பிறந்த இடம் லாங்கன்தால். ஆணுக்கும் நேரம் இருந்தது, இடம் இருந்தது. பத்துக்கு எட்டு.

"இது எந்த அணி?" என்று கேட்டேன்.

அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "உம்மட அண்ணை அனுப்பினவர். நான் மாப்பிள்ளை தேடுறன் எண்டு கோயிலில கதையாம். பெடியன் பாசல் நகரத்தில இஞ்சினியர். நான் சும்மா போட்டுப் பாத்தனான். ஒருதரிட்டயும் கதைக்கேல்ல."

"சும்மா பாக்கிறதெண்டால் திரையிலயே பாக்கலாம். தாளில எடுத்தது ஆருக்குக் காட்ட?"

அவர் தாழ்ந்த குரலில், "இண்டைக்கு ஒரு நாள் பொறும். அவள் கடிதத்தைக் கிழிக்கட்டும். பிறகு நான் இதைக் கிழிக்கிறன்," என்றார்.

அவர் எவரிடமும் கதைக்கவில்லை என்பதை நம்பினேன். எட்டுப் பொருத்தம் உள்ள தாளை அவர் கிழிக்கமாட்டார் என்பதையும் நம்பினேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து தவறாக நம்பியதுதான் கோயிலுக்குப் போய், அண்ணனின் கைபேசிக்குள் புகுந்து, உண்மையாகி வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. அதில் என் பங்கும் உண்டு. மறைத்துவிட்டால் அந்தப் பங்கு இன்னும் பெரிதாகும்.

மகள் காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"என்னம்மா, உண்மையாவே கோல்ஃப் தானோ?"

"வெள்ளியும் சனியும் கோல்ஃப்தான், பிள்ளை. நான் ஒவ்வொண்டாப் பாத்தனான்."

"இண்டைக்கு?"

தாளை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். "பத்துக்கு எட்டு. நேர்சிங் சோதினையில எனக்கு இவ்வளவு வரேல்ல," என்றாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "கேட்டிருந்தால் நானே சம்மதிச்சிருப்பனோ தெரியாது, அப்பா. ஆனால் நீங்கள் கேக்கேல்ல."

"குஞ்சு, நான் சும்மா..."

"ஓம் அப்பா. சும்மாதான்."

ஒப்பந்தத்தை என்னிடம் வாங்கி, மேசையில் வைத்துக் கையெழுத்திட்டு, உறையை ஒட்டினாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர் அருகில் வந்து அமர்ந்தாள்.

"உங்கட டீம் என்ன மாதிரி?"

"வெல்லுது," என்றார்.

கடைசிக் குழி வரை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். யார் யாருக்கு எதிராக ஆடுகிறார்கள் என்று அவள் கேட்டாள், அவர் சொன்னார். ஐரோப்பா வென்றபோது அவர் கை தட்டவில்லை. அவள் தட்டினாள்.

மார்கழியில் அவள் டாவோஸுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று திரிம்பாக்கில் சொல்கிறார்கள், அது சரியல்ல. சொன்னதைச் செய்தாள். ஞாயிறுகளில் அழைக்கிறாள், தகப்பனோடும் நெடுநேரம் கதைக்கிறாள், அங்கே புல்லெல்லாம் பனிக்குக் கீழே கிடக்கிறது என்று சொல்லி அவரைச் சீண்டுகிறாள். இந்த வீட்டில் இப்போது இருப்பது அவரும் நானும்.