கேசட்டுல இல்லாத வாசிப்பு

சாக்ஸபோன் மூச்சுல வாசிக்கிற வாத்தியம். ஆனா ஆர்கெஸ்ட்ராவுல அதை வாசிக்கிறவன் பாதி நேரம் மூச்சை அடக்கிக்கிட்டுதான் உக்காந்திருக்கணும். மேடையில பின்வரிசையில உக்காந்து பழகினவங்களுக்கு இது புரியும்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் காரைக்கால்ல ஒரு மெல்லிசைக் குழுவுல இருந்தேன். துபாய்லேருந்து லீவுல வந்த பக்கத்து வீட்டு பாய் ஒரு ஜாஸ் சிடி குடுத்தார். அன்னியிலேருந்து எனக்கு ஒரே ஆசை. அதுல வர்ற மாதிரி பாட்டை விட்டு வெளிய போய், தோணினதை வாசிச்சு, திரும்பி வந்து சேரணும். ஜனங்க முன்னாடி ஒரு தடவையாவது முழுசா.

கோவில்பத்து ரிசப்ஷன்

பாட்டுக்கு நடுவுல வர்ற எங்க வாசிப்பு சினிமாவுல இருக்கிற மாதிரியே இருக்கணும். ஜனங்களுக்கு ஒவ்வொரு சுரமும் மனப்பாடம். அன்னிக்கு அந்த எடத்துல கொஞ்சம் வெளிய போனேன். பாட வேண்டிய பொண்ணு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம என்னையே பாக்குது. தபேலாக்காரர் நிறுத்தியே புட்டார். பந்தி முடிச்சு கை கழுவ வந்த பெரியவர் ஒருத்தர் மேடைகிட்ட வந்து, அக்கறையா சொன்னார்: "தம்பி, கேசட்டு வாங்கி நல்லா ஒரு தரம் கேளுங்க. அதுல இப்படி இல்ல."

வேன்ல ஏறினதும் குழுவை நடத்துற எங்க மாஸ்டர் சொன்னார்: "உன் கற்பனையெல்லாம் வீட்டுல வச்சிட்டு வா. இல்ல, நீயும் வீட்டுலயே இரு."

திருநள்ளாறு லாட்ஜ்

வீட்டுல கைக்குழந்தை, வாசிக்க முடியாது. திருநள்ளாத்துல லாட்ஜ் மேனேஜரா இருந்த கூட்டாளி, ரூம் காலியா இருந்தா கூப்புடுவான். ஒரு நாள் கதவைச் சாத்திக்கிட்டு அந்தச் சிடி மாதிரி வாசிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். யாரோ தட்டுனாங்க. எண்ணெய் தேச்சு, நளன் குளத்துல முங்கி, சனி விட்டுதுன்னு நிம்மதியா வந்த சேலத்துக்காரர் ஈரத் தலையோட நிக்கிறார். "ஏங்க, என்னைப் புடிச்சது போயிடுச்சுன்னு இப்பதான் சொன்னாங்க. இது வேற எதுங்க?"

ஜூலை பதினாலு

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குறவங்களை எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். ஜூலை பதினாலு பிரான்ஸோட தேசிய நாளு, அவங்களுக்குத் திருநாள். மெடல் குத்திக்கிட்டு வருவாங்க. சாயங்காலம் எங்க கச்சேரி. ஒரு வருஷம் நாகூர் தர்கா கந்தூரியும் கூடவே வந்துச்சு. நாகப்பட்டினத்துலேருந்து வர வேண்டிய பாடகருங்க அந்தக் கூட்டத்துல மாட்டிக்கிட்டாங்க. இங்க ஜனங்க விசிலடிக்க ஆரம்பிச்சாச்சு. மாஸ்டர் கழுத்தைத் துடைச்சிக்கிட்டு என்கிட்ட வந்தார்.

"ஏதாவது வாசிடா."

"என்ன வாசிக்கிறதுங்க?"

"எதையாவது வாசி! அவங்க வர்ற வரைக்கும் நிறுத்தாத."

ஒரு பழைய பாட்டை எடுத்தேன். வெளிய போனேன். ரொம்ப தூரம் போயிட்டேன். பாதியில பாடகருங்க வந்து எறங்கிட்டாங்க. நிறுத்தச் சொல்லி மாஸ்டர் கையைத் தூக்கினார். முன்வரிசையில இருந்த ஒரு சொல்தா கைத்தடியைத் தூக்கி, "ஓய், உக்காருமய்யா, அவன் முடிக்கட்டும்"னு அதட்டினார். மாஸ்டர் உக்காந்துட்டார். நான் சுத்திட்டு வந்து பாட்டோட முதல் வரியில சேந்து முடிச்சேன்.

எறங்கி வந்து அவர்கிட்ட கேட்டேன், "ஐயா, பாரீஸ்ல இதெல்லாம் கேட்டிருப்பீங்க. நான் வாசிச்சது எப்படி?"

"அங்க கேட்டப்பவும் எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. ஆனா வாசிக்கிறவன் முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

அதுக்கப்புறம் பாடகருங்க வர லேட்டாகுதுன்னா, எங்க குழுவுல சந்தோஷப்பட்ட ஒரே ஆளு நான்தான்.